திரையில் உள்ளபடி எழுதச் சொன்னவருக்கு

கையேடுகளின் காவலரே! பொத்தான்தோறும் பொறுமையாய் அழுத்திப் பார்த்துப் பொருள் உரைத்த பொன்மனத்தவரே! பிழை கண்டால் பதறாது, பிழை செய்தவரைப் பழிக்காது, பிழையை மட்டும் பிடித்து வந்து வெளிச்சத்தில் நிறுத்திய பெருந்தகையே! எங்கள் வரிகளைத் தட்டித் திருத்தி, வரிகளோடு சேர்த்து எங்கள் தலைக்கனத்தையும் தட்டித் திருத்திய தலைமகளே! முப்பத்தோராண்டுப் பணி முடித்து இன்று விடைபெறும் எங்கள் கையேட்டம்மாவே! வணக்கம்.

மேலே உள்ள விளிகளில் பாதியை இந்நேரம் நீங்கள் மனத்துக்குள் அடித்திருப்பீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். ‘பொன்மனம்’ நிச்சயம் போயிருக்கும். பாராட்டு மடல் என்றால் ‘தாங்கள், தாங்கள்’ என்று கடைசிவரை விளித்துத்தான் எழுத வேண்டும் என்பது வழக்கம்; முதல் படியை அப்படித்தான் எழுதினோம். எழுதி வாசித்துப் பார்த்தால், வரிக்கு வரி நீங்கள் எழுந்து நின்று “இதை யார் பார்த்தீங்க? எங்க பார்த்தீங்க?” என்று கேட்பது காதில் விழுந்தது. ஆகவே ஒரு சலுகை எடுத்துக்கொள்கிறோம். நடுப்பகுதியில் உங்களை ‘அவர்’ என்றே சொல்லப்போகிறோம். வேறு யாரைப் பற்றியோ பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, பூங்கொத்தை மடியில் வைத்து, சிவப்புப் பேனாவைக் கைப்பைக்குள் போட்டுவிட்டு, இந்த ஒரு நாள் வெறும் வாசகராக உட்காருங்கள்.

அவையோருக்காக முதலிலிருந்து தொடங்குகிறோம். எங்கள் நிறுவனம் குளிர்பதனக் கிடங்குகளுக்கு மென்பொருள் செய்து தருவது. பழம், காய், பால் என்று கெட்டுப்போகக்கூடியவற்றைக் கெடாமல் காக்கும் பெரிய அறைகள், அந்த அறைகளின் குளிரைக் கூட்டவும் குறைக்கவும் வாசலோரச் சுவரில் ஒரு திரை, திரையில் பொத்தான்கள், பொத்தான்களின் மேல் சொற்கள். எந்தப் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும் என்று கிடங்கில் வேலை செய்பவருக்குச் சொல்லும் புத்தகம்தான் பயனர் கையேடு. அதை எழுதியவர் இவர். மூன்றாம் மாடியில், அச்சு இயந்திரத்துக்கும் உணவறைக் கதவுக்கும் நடுவில், வருவோர் போவோர் எல்லோரும் இடித்துவிட்டுப் போகும் ஒரு மூலையில் அவர் மேசை. மேசையின் மேல் கிடங்கில் இருப்பது போன்ற ஒரு திரை. மேசைக்கு அடியில், அந்தத் திரையோடு கம்பியில் இணைத்த ஒரு சின்னக் குளிர்பெட்டி. ஒரு வரி எழுதுமுன் அந்தப் பொத்தானைத் தன் விரலால் அழுத்தி, பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவார். கோடைக்காலத்தில் எங்கள் தண்ணீர்ப் புட்டிகளையும் அதற்குள் வைக்க விடுவார் என்பதை மேலாளர் இன்றுதான் அறிகிறார்.

அவருடைய முறை எளிது, கடைப்பிடிப்பதுதான் கடினம். திரையில் ஒரு சொல் தவறாக இருந்தால், கையேட்டில் அதைச் சரிசெய்து எழுதக் கூடாது. திரையில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத வேண்டும். தவறை, அந்தத் திரையைச் செய்தவரிடம் பிழைக்குறிப்பாக எழுதித் தர வேண்டும். அவர் திருத்தும்வரை படிப்பவர் தடுமாறாதபடி கையேட்டில் ஓர் அடிக்குறிப்பு போட வேண்டும். திருத்தியதும் அடிக்குறிப்பை எடுத்துவிட்டுப் புதுச் சொல்லை ஏற்ற வேண்டும். புதிதாகச் சேர்ந்த காலத்தில் நாங்கள் எல்லோருமே இதைக் கேட்டு முகம் சுளித்திருக்கிறோம். தவறு என்று தெரிந்தும் அதையே அச்சில் ஏற்றுவதா? படிப்பவர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்?

“உன்னைப் பத்தி நினைக்க அவங்களுக்கு ஏது நேரம்?” என்பார். “கையில புத்தகம், கண்ணெதிர திரை. புத்தகத்துல இருக்கற சொல்லைத் திரையில தேடறாங்க. கிடைக்கலைன்னா கை நடுங்கிடும். நீ அழகா எழுதி என்ன புண்ணியம்?”

அப்படி எழுதியதால் எங்கள் கையேடுகள் சில இடங்களில் வேடிக்கையாகவும் இருந்தது உண்மை. ‘கீழே உள்ள பொத்தானை அழுத்தவும்’ என்று திரை சொல்லும், பொத்தானோ மேலே இருக்கும். திரைப் பிரிவினர் அதைத் திருத்த ஒரு மாமாங்கம் எடுத்துக்கொண்டார்கள். அதுவரை கையேட்டில் அந்த வரியை அப்படியே போட்டு, அடியில், ‘பொத்தான் தற்போது மேலே உள்ளது, பொறுத்துக்கொள்ளவும்’ என்று எழுதினார். ஒரு கிடங்குக்காரர் தொலைபேசியில் அழைத்து, அடிக்குறிப்பு எழுதியவருக்குத் தன் வணக்கத்தைத் தெரிவிக்கச் சொன்னார்.

திங்கள் காலை வாசிப்பும் அவர் கொண்டு வந்ததுதான். வாரம் முழுவதும் சேர்ந்த பிழைக்குறிப்புகளைக் கூடத்தில் எல்லோர் முன்னிலையிலும், திரையைச் செய்தவர் பெயரோடு உரக்க வாசிப்பது. தன் கையேட்டில் தான் செய்த பிழையைத்தான் முதலில் வாசிப்பார். ஒன்றும் இல்லாவிட்டால் தேடிப் பிடித்தாவது ஒன்றைக் கொண்டுவருவார். பெயர் சொல்லும்போது அவர் குரலில் குத்தலும் இருக்காது, குழைவும் இருக்காது. மேலாளர் பெயரும் வந்திருக்கிறது, மேலாளரின் மேலாளர் பெயரும் வந்திருக்கிறது. அந்தக் கூடத்தில் பெயர் வாசிக்கப்பட்ட பிறகுதான் ஒருவர் எங்களில் ஒருவர் ஆனார் என்று நாங்கள் கருதினோம்.

இனி வருவது அவர் வீட்டுக் கதை. மேடையில் சொல்லலாமா என்று நெடுநேரம் தயங்கினோம். ஆனால் புதிதாகச் சேருகிற ஒவ்வொருவரையும் முதல் வாரத்தில் உட்காரவைத்து, ‘இது நான் செஞ்ச பிழை’ என்று அவர் தாமே சொல்கிற கதை அது. இந்த மாடியில் அதைக் கேட்காதவர் இல்லை. அவர் எப்போதும் பாதியில் நிறுத்திவிடுவார். மீதியைச் சொல்லத்தான் இந்த மடல்.

அவருக்கு ஒரே மகள். கணவர் சிறு வயதிலேயே தவறிவிட, தாயும் மகளுமாக இரண்டே பேர் கொண்ட வீடு. அந்த மகள் தேர்வெழுதி, நேர்காணலில் வென்று, எங்கள் திரைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். தேர்வுக் குழுவில் யார் யார் என்பதுகூட அம்மாவுக்குத் தெரியாது. ஆனாலும் வாய்கள் சும்மா இருக்குமா? “அம்மா உள்ள இருக்காங்க, அப்புறம் கிடைக்காமலா போகும்?” என்று உணவறையில் ஒருவர் சொன்னது, கதவோரத்தில் உட்கார்ந்திருந்தவர் காதில் தெளிவாகவே விழுந்தது. அவர் எழுதிக்கொண்டிருந்த வரியை அடித்துவிட்டு மறுபடியும் அதையே எழுதினார்.

அந்த மாதங்கள் அவர் வாழ்க்கையின் பொற்காலம் என்று சொன்னால் மிகையில்லை. இருவரும் ஒரே பேருந்தில் வருவார்கள். அலுவலக வாசல்வரை ‘அம்மா’. மின்தூக்கிக் கதவு திறந்ததும் ‘மேடம்’. “மேடம், அந்த மூணாவது திரை உங்களுக்கு வந்துடுச்சுங்களா?” என்று மகள் கேட்பதும், “வந்துடுச்சு, பார்த்துச் சொல்றேன்” என்று இவர் முகத்தை இறுக்கிக்கொண்டு பதில் சொல்வதும், மகள் திரும்பி நடந்ததும் அந்த முதுகையே பார்த்துக்கொண்டு இவர் சிரிப்பதும் எங்களுக்கு அன்றாடக் காட்சி. இறுகிய முகத்தைப் பற்றி மட்டும் பிற்பாடு மகள் கேலி செய்வாராம். முதுகுக்குப் பின்னால் நடந்ததை மகள் அறிந்ததே இல்லை.

மகள் தனியாகச் செய்த முதல் திரை, குளிரூட்டியைக் கழுவிச் சுத்தம் செய்யும் வேலைக்கானது. முதலில் ‘நிறுத்து’ என்ற பொத்தானை அழுத்திக் குளிரூட்டியை நிறுத்த வேண்டும். கழுவி முடித்ததும் அடுத்த பக்கத்தில் ‘தொடங்கு’ என்ற பொத்தானை அழுத்தினால் குளிர் மறுபடியும் ஓடும். மகள் முதல் பக்கத்துப் பொத்தானைப் படியெடுத்து இரண்டாம் பக்கத்தில் ஒட்டினார். அது செய்ய வேண்டிய வேலையைச் சரியாக மாற்றினார். மேலே இருந்த சொல்லை மாற்ற மறந்தார். ஆக, இரண்டாம் பக்கத்திலும் ‘நிறுத்து’ என்றே இருந்தது. அழுத்தினால் குளிர் ஓடத் தொடங்கும். பக்கத்தில் ‘வெளியேறு’ என்று இன்னொரு பொத்தான். சோதனைக்காரர் சோதித்தார், சரி என்று குறி போட்டார். பல்லாண்டுப் பழக்கத்தில் பொத்தானை அது இருக்கும் இடத்தைக்கொண்டு அறிவாரே ஒழிய, எழுத்தைப் படித்து அறிய மாட்டார். (இந்த மடலை வாசித்துக்கொண்டிருப்பவர் அவர்தான். இந்த வரியை விடாமல் வாசிக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்.)

எழுத்தைப் படிக்கிறவர் ஒருவர்தான். கையேட்டம்மா அழுத்தினார், குளிர்பெட்டி உறுமியது, கை விட்டுப் பார்த்தார், சில்லென்று இருந்தது. திரையைப் பார்த்தார். ‘நிறுத்து.’ பிழைக்குறிப்புத் தாளை எடுத்து, திரையின் பெயரை எழுதினார், பக்கத்தை எழுதினார், செய்தவர் பெயர் என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. திங்கள் காலை அந்தப் பெயரைக் கூடத்தில் தாமே வாசிக்க வேண்டும். உணவறையில் பேசியவரும் கேட்பார். முதல் திரையிலேயே சறுக்கிவிட்டாள், அதனால்தான் அம்மா தயவு வேண்டியிருந்தது என்று பேச, வெறும் வாயை மெல்பவருக்கு அவலைத் தாமே கொடுப்பதா? யாருக்கும் காட்டாத சலுகையை அன்று அவர் மகளுக்குக் காட்டினார். தாளை மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார். வீட்டில் வைத்து மெல்லச் சொல்லிவிடலாம், காதும் காதும் வைத்தாற்போல் மகளே திருத்திவிடுவாள் என்று தீர்மானித்து, அவள் திருத்திவிடப்போகிறாள்தானே என்று கையேட்டில் இப்படி எழுதினார்: ‘சுத்தம் முடிந்ததும் தொடங்கு என்ற பொத்தானை அழுத்தவும்.’

வீட்டுக்குப் போனால், மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்று, “அம்மா! என் முதல் திரை சோதனையில தேறிடுச்சு! ஒரு குறைகூடச் சொல்லலை!” என்று கையைப் பிடித்துச் சுற்றினார். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று மென்று விழுங்கினார். மறுநாள் மகளுக்குப் பிரிவுத் தலைவரின் பாராட்டு. அன்றும் வாய் வரவில்லை. சொல்லலாம் சொல்லலாம் என்று இவர் நாளைக் கடத்த, வாடிக்கையாளர் அவசரப்படுத்தியதால் வெளியீட்டை முன்கூட்டியே அனுப்பிவிட்டார்கள். திரையும் போயிற்று, கையேடும் போயிற்று, ஒன்றில் ‘நிறுத்து’ என்றும் மற்றதில் ‘தொடங்கு’ என்றும்.

அழைப்பு ஒரு மதிய வேளையில் வந்தது. திராட்சைக் கிடங்கு ஒன்றில் புதிதாகச் சேர்ந்த ஊழியர். முந்தின நாள் தனியாளாக அறையைச் சுத்தம் செய்தவர். ஒலிபெருக்கியில் அவர் குரல் மாடி முழுவதும் கேட்டது. “புத்தகத்துல ‘தொடங்கு’ன்னு போட்டிருக்குங்க. திரையில அப்படி ஒண்ணுமே இல்லைங்க. ‘நிறுத்து’ இருக்கு, ‘வெளியேறு’ இருக்கு. ஏற்கெனவே நின்னு போனதை இன்னொரு தடவை நிறுத்தினா என்ன ஆகுமோன்னு பயந்துட்டேன். தானா ஓடும்போலன்னு ‘வெளியேறு’ அழுத்திட்டு வந்துட்டேங்க. அறை முழுக்கப் பழம் போச்சு. என்னைத்தான் திட்டறாங்க.”

அந்த ஊழியரின் வேலை போகாமல் காத்தது எங்கள் நிறுவனம் எழுதிக் கொடுத்த பொறுப்பேற்பு. பழத்துக்கான இழப்பையும் நிறுவனமே ஏற்றது. மேலாளர் அறையில் கூட்டம் நடந்தபோது மகள் எழுந்து நின்று, “என் திரை, என் பிழை” என்றார். ஒரு சொல் மழுப்பவில்லை. அந்த இடத்தில் எங்களுக்கெல்லாம் அவர் மீது மதிப்பு உயர்ந்தது. அப்போதுதான் மேலாளர் கையேட்டைப் புரட்டி, யோசனையாக, “ஆனா கையேட்டுல சரியாத்தானே இருக்கு?” என்றார். மகள் மெல்லத் தலையைத் திருப்பித் தாயைப் பார்த்தார்.

வெளியே தாழ்வாரத்தில், அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று இருவரும் பேசினார்கள். அந்த மூலையின் ராசி, யார் பேசினாலும் எல்லோருக்கும் கேட்கும்.

“நீ பார்த்தியா?”

“பார்த்தேன்.”

“வெளிய போறதுக்கு முன்னாடியே?”

“முன்னாடியேதான். முதல் தடவையே உன் பேரை அங்க வாசிக்க வேண்டாமேன்னு…”

“எல்லார் பேரையும் வாசிக்கற. மேலாளர் பேரைக்கூட வாசிக்கற. எனக்கு மட்டும் ஏம்மா சொல்லலை? நான் தாங்க மாட்டேன்னு நினைச்சியா?” மகள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். “நான் உன் பொண்ணா இங்க வரலை. உன்கூட வேலை பார்க்க வந்தேன். நீ ஒரு நாள்கூட என்னை அப்படிப் பார்க்கலை.”

சில மாதங்களில் மகளுக்குக் கடல் தாண்டி வேலை கிடைத்தது, போய்விட்டார். சண்டை என்று ஒன்றும் இல்லை. வழியனுப்பப் போனபோது இருவரும் பெட்டியின் எடையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்களாம். கதையைச் சொல்லும்போது அவர் இங்கேதான் நிறுத்துவார். “அதனால, திரையில உள்ளபடி எழுதுங்க, பிழையைச் செஞ்சவர்கிட்டயே சொல்லுங்க. சரி, இப்ப மூணாம் அத்தியாயம்” என்று தாளைப் புரட்டிவிடுவார்.

கையேட்டம்மா அறியாதது ஒன்று உண்டு: மீதிக் கதையை நாங்கள் நான்கு ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மகள் மதிய இடைவேளையில்தான் அழைப்பார். அங்கே அது காலை வேளை. கைபேசி ஒலித்ததும் இவர் உணவறையின் கடைசி ஜன்னலுக்கு ஓடுவார். முப்பத்தோராண்டில் அவர் ஓடி நாங்கள் பார்த்தது அதற்கு மட்டும்தான். முகம் பளிச்சென்று ஆகிவிடும். ஆனால் வாயைத் திறந்தால் வருவது வேறு. “நல்லா இருக்கேன். எனக்கென்ன? நீ வேலையைப் பாரு. லீவெல்லாம் போட்டு அலைய வேண்டாம்.” பேசி முடித்ததும், பேச்சு நின்றுபோன கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருப்பார். பிறகு உணவைத் தொடாமலே கொட்டிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவி வைப்பார்.

மகள் ஒரே ஒரு முறை வந்தார், வேலை விஷயமாக, மூன்று நாள். தங்கியது விடுதியில். ஏன் என்று நாங்கள் கேட்டதற்கு, “அவளுக்கு அதுதான் வசதி” என்றார். உண்மை என்னவென்றால், அந்த வாரம் எங்களில் ஒருவரைக் கடைக்கு அழைத்துப்போய், மகளின் கட்டிலுக்குப் புது விரிப்பு வாங்கினார். நிறம் பிடிக்காமல் திரும்பக் கொண்டுபோய் மாற்றினார். விரித்தும் வைத்தார். பிறகு மகள் அழைத்தபோது, “வீட்டுல தண்ணி சரியா வரலைம்மா, நீ விடுதியிலயே தங்கிக்கோ” என்றார். தண்ணீர் நன்றாகவே வந்துகொண்டிருந்தது. மகள் தயங்கினால் அந்தத் தயக்கத்தைக் கேட்க வேண்டியிருக்குமே என்ற பயம். அதை முந்திக்கொண்டு கதவைத் தானே சாத்திவிட்டார்.

எங்களுக்கு முறை சொல்லித் தந்தவரே, பொறுத்தருள்க. முறைப்படி பார்த்தால் இது பிழை. உள்ளே ஓடுவது ஏக்கம். மேலே எழுதியிருப்பது ‘வேண்டாம்’. எழுதியிருப்பதை நம்பித்தானே எதிரே இருப்பவர் விலகிப் போவார்? திராட்சைக் கிடங்கு ஊழியர் மேல் அன்று நாங்கள் யாரும் குற்றம் சொல்லவில்லை. உங்கள் மகள் மீதும் சொல்ல முடியாது.

ஆகவே நாங்கள் முறைப்படி நடந்தோம். எந்த ஆவணமும் அதில் குறிப்பிடப்படுபவர் பார்க்காமல் வெளியே போகக் கூடாது என்பது நீங்கள் வகுத்த விதி. இந்த மடலை உங்கள் மகளுக்கு அனுப்பினோம். விரிப்பும் இருந்தது, ஜன்னலும் இருந்தது, கழுவி வைத்த பாத்திரமும் இருந்தது. மேடையில் நன்றாக இருக்கட்டும் என்று ‘மகளின் அன்பு மழையில் என்றும் நனைபவர்’ என்று ஒரு வரியையும் சேர்த்திருந்தோம். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் அவரே அழைத்தார்.

“அந்த மழை வரியை எடுத்துடுங்க,” என்றார் முதலில். “அது இல்லாததை எழுதியிருக்கீங்க. மத்ததை அப்படியே விடுங்க.” பிறகு விரிப்புக்கு வந்தார். “விரிப்பு விஷயம் எனக்குத் தெரியாதுங்க. ஒவ்வொரு வருஷமும் டிக்கெட் பார்ப்பேன். அம்மா ‘அலைய வேண்டாம்’ம்பாங்க. மூடி வெச்சுடுவேன். இன்னும் என் மேல கோபம் போகலைபோலன்னு நினைச்சுக்குவேன். கோபப்பட வேண்டியவ நான்னு ஒரு காலத்துல நினைச்சிட்டிருந்தேன், அதுவும் மறந்துபோச்சு. வேண்டாம்னு சொல்ற வீட்டுக்கு எப்படிங்க வந்து நிக்கறது?”

“வேண்டாம்னு அவங்க மனசார சொல்லலைம்மா” என்றோம்.

“அதை நீங்க சொல்லி என்ன பிரயோசனம்? அவங்க சொல்லட்டும். ஒரு தடவை சொல்லட்டும்.”

மழை வரியை எடுத்துவிட்டோம்.

இப்போது மறுபடியும் ‘நீங்கள்’. எங்கள் அன்பிற்குரிய கையேட்டம்மாவே! இனி திங்கள் காலைகளில் கூடத்தில் எங்கள் பெயரை யார் அவ்வளவு நேராக வாசிப்பார் என்று தெரியவில்லை. மூலை மேசையை இடிக்கும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்க நாங்கள் திரும்புவோம், அங்கே நீங்கள் இருக்க மாட்டீர்கள். உங்களைத் தேடுவோம் என்பதை அலங்காரம் இல்லாமல் இங்கே எழுதிவைக்கிறோம். நோயும் நொடியும் உங்கள் முகவரி அறியாது போகட்டும்! கண்ணும் கையும் தளராது, காலும் குரலும் தளராது, படிக்கிற புத்தகத்திலெல்லாம் பிழை பிடித்துப் பதிப்பாளர்களைப் பாடாய்ப் படுத்தி, நூறாண்டு நிறைவோடு நீங்கள் வாழ வேண்டும்! உங்கள் வீட்டில் இரண்டு பேர் பேசும் சத்தம் மறுபடியும் கேட்க வேண்டும்!

மேடை மேசையில் பூங்கொத்துக்குப் பக்கத்தில் ஒரு கைபேசி இருக்கிறது. அது முதல் விளியிலிருந்தே இணைப்பில் இருக்கிறது. மறுமுனையில் உங்கள் மகள் அலுவலகத்துக்குப் போகாமல் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். கோபம் வந்தால் எங்கள் பெயர்களை வரிசையாக வாசியுங்கள், தாங்கிக்கொள்வோம். ஆனால் அதற்கு முன், வாசிப்பவர் இங்கே வாசிப்பை நிறுத்துவார். மடலின் அடியில் ஒரு வரியைக் காலியாக விட்டிருக்கிறோம். நீங்கள் மகளிடம் சொல்வதை, அழகுபடுத்தாமல், சொன்னபடியே அதில் எழுதி, அதன் பிறகே இந்த மடலைக் கண்ணாடிச் சட்டத்தில் இடுவோம்.

இங்ஙனம்,
உங்கள் சிவப்பு மையில் வளர்ந்த
கையேடு, திரை, சோதனை, தொலைபேசி உதவிப் பிரிவுகளின் பணியாளர்கள்

காலியாக விட்ட வரி, மேடையில் சொல்லப்பட்டபடி:

“கண்ணு… நல்லா இருக்கேன்மா, நீ ஒண்ணும்… உனக்கு லீவு கிடைக்குமோ என்னவோ, அலைய… இல்ல. இல்ல. வா. எனக்கு உன்னைப் பாக்கணும். நீ வா.”